எந்தக் கருவி கைக்கு நல்லது?



கணக்காளருக்கு இந்தக் கணனி வேலை எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் இணைய ஒலிபரப்பை இரவில் கவனிக்க ஆள் கிடைக்கவில்லை, நானே பழகிக்கொண்டேன். உங்கள் பிள்ளைகளிலும் பலர் இத்துறையில் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் ஈஸ்ற்ஹாமிலிருந்து அதிக தூரமில்லாத எக்செல் மண்டபத்தில் இதற்கென ஐரோப்பிய மாநாடே நடந்தது.

ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் ஒரே பெட்டியில் அடைத்தால் அது கொன்ரெயினர். பல கணனிகளில் ஓடும் இப்பெட்டிகளை மேய்ப்பது, கூகிள் 2014இல் வெளியிட்ட குபர்நெற்றீஸ். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

அதற்குக் கட்டளையிடும் அடிப்படைக் கருவி கியூப்சீரீஎல். ஒவ்வொரு கட்டளையையும் தட்டச்சுச் செய்ய வேண்டும். கே-நைன்-எஸ் என்பது அதே விபரங்களைத் திரை முழுவதும் பட்டியலாகக் காட்டும். டொக்கர் ஸ்வோர்ம் வேறொரு முறை. ஓரிரு கணனிகளுக்கு அது இலகு. ஆனால் உதவி கேட்கவும் வேலை தேடவும் குபர்நெற்றீஸ்தான் கைகொடுக்கும் என்பதால் நாங்கள் அதையே எடுத்தோம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை நான் பெரும் பிழை விட்டேன். பயிற்சிக்கு வைத்திருந்த தொகுதியைத் துப்புரவாக்க அழிக்கும் கட்டளை கொடுத்தேன். கியூப்சீரீஎல் அப்போது சுட்டிக்கொண்டிருந்தது நேரலைத் தொகுதியை! "நிச்சயமா?" என்று அது கேட்கவில்லை. முப்பத்தைந்து நிமிடம் வானொலி மௌனம். அது மரண அறிவித்தல் நேரம். ரொறன்ரோவில் ஒரு முதியவர் தன் அக்காவின் பெயரைக் கேட்கக் குடும்பத்தோடு காத்திருந்தாராம். அறிவித்தலைப் பின்னர் மீண்டும் வாசித்தோம். அவரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லைத் தம்பி" என்றார். அதுதான் இன்னும் சுடுகிறது.

ஒலிபரப்பு திரும்பி வந்ததற்குக் காரணம், எல்லா அமைப்பும் கோப்பில் எழுதப்பட்டிருந்ததுதான். என் தொழிலில் வவுச்சர் இல்லாமல் பதிவில்லை. இங்கும் அதுவே விதி என்று அன்று விளங்கியது.

இப்போது எங்கள் ஒழுங்கு இது. பார்ப்பதற்குக் கே-நைன்-எஸ், அதுவும் வாசிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில். கணக்காய்வாளர் புத்தகத்தைப் பார்ப்பார், எழுதமாட்டார் அல்லவா? எந்தத் தொகுதியில் நிற்கிறோம் என்பதும் திரையின் மேலே தெரியும். மாற்றுவதற்குக் கியூப்சீரீஎல், முதலில் கோப்பைத் திருத்தி, 'டிஃப்' கட்டளையால் என்ன மாறும் என்று பார்த்து, பிறகே 'அப்ளை'. தொகுதியின் பதிப்புக்கும் கருவியின் பதிப்புக்கும் ஒரு படிக்கு மேல் இடைவெளி விடுவதில்லை.

பிள்ளைகளே, முதலில் கியூப்சீரீஎல்லைப் பழகுங்கள். குபர்நெற்றீஸ் உள்ள இடமெல்லாம் அது செல்லும். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் களைத்த கண்ணோடு இருப்பவரிடம் அழிக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். அவர் உங்கள் மாமாவாக இருந்தாலும்தான்.