நியாயஸ்தல உத்தியோகமும் உற்றார் சிபார்சும்

(நமது சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கோர்ட்டு நிர்வாகத்தில் தலைமை வகிப்போர்க்கு வேண்டிய ஒழுக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நமது காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். நீதிபதிகளின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவோர் பலருளர். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 1997-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்ட நெறிகளும், பெங்களூரின் பெயரால் வழங்கும் 2002-ஆம் ஆண்டுக் கோட்பாடுகளும் அவர்களுக்கென்றே எழுதப்பட்டவை. யான் பேசப் புகுவது அவ்வாசனத்தைப் பற்றியன்று; அதன் பின்புறத்திலுள்ள ஆபீசைப் பற்றி. வியாஜ்யக்காரன் நீதிபதியின் முகத்தைக் காண்பது சில நிமிஷமே. சிரஸ்ததார், நாசர், அமீனா, காப்பிப் பிரிவுக் குமாஸ்தா ஆகியோரையே அவன் வருஷக்கணக்காகக் கண்டுகொண்டிருக்கிறான். அவன் மனத்தில் நியாயஸ்தலம் என்பது இவர்களே.

சம்மன் என்னும் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொள்வோம். 1908-ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டம் இதற்காகவே ஒரு கட்டளைத் தொகுதியை வகுத்திருக்கின்றது. பிரதிவாதி வாங்க மறுத்தால், அல்லது தக்கபடி தேடியும் அகப்படாவிட்டால், அவன் வீட்டு வெளிக்கதவில் நகலை ஒட்டவேண்டும். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்பதை அறிக்கையில் எழுதவேண்டும். இத்தனை நுணுக்கம் எதற்கு? சேவகன் மரத்தடியில் அமர்ந்து, “வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டினேன்” என்று எழுதிவிட்டால், ஓர் ஏழைக் குடியானவன் தன்மேல் வழக்கு உண்டென்றே அறியாமல் ஒருதலைத் தீர்ப்புக்கு ஆளாகிறான். அமீனா வாசலில் வந்து நிற்கும்பொழுதுதான் அவனுக்குச் செய்தி தெரிகின்றது. அத்தீர்ப்பை நீக்கச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் அதற்குள் அவன் இழந்த பொருளையும் மானத்தையும் திருப்பிக் கொடுக்கும் விதி எதனையும் யான் கண்டதில்லை.

நகல் கொடுக்கும் பிரிவும் இத்தன்மையதே. தீர்ப்பு நகலின் பின்புறத்தில் மனுச் செய்த நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் முதலியவை குறிக்கப்பெறும். இவை வெறும் அலங்காரமல்ல. ஜில்லாக் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள், ஹைக்கோர்ட்டில் செய்ய 90 நாள் என்று 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் விதிக்கின்றது. நகல் பெறுதற்கு அவசியமாய்ச் சென்ற காலத்தைக் கழித்துவிடுகின்றது. ஆகவே ஒரு தேதியை முன்னோ பின்னோ மாற்றி எழுதும் பேனா ஒருவனுடைய அப்பீல் உரிமையையே அறுத்துவிடக்கூடும். அதனை எழுதும் குமாஸ்தாவோ சாயங்கால ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருக்கிறான்!

இக்காரணத்தால் அன்றோ ஆபீசுத் தலைவரின் குணம் பெரிதாகின்றது. உரத்த குரலில் அதட்டுதல் தலைமை என்று சிலர் நினைக்கின்றனர். தினந்தோறும் பதிவுப் புத்தகத்தைத் தம் கண்ணாற் பார்த்துக் கையொப்பமிடுவதும், ஒரே சேவகனை ஒரே கிராமத்துக்கு ஆண்டுக்கணக்காக அனுப்பாமல் மாற்றிவிடுவதும் அதனினும் கடினமான தலைமையாகும். பழைய சட்டங்கள் மனித இயல்பை நன்கறிந்தவை. 1870-ஆம் ஆண்டுக் கோர்ட்டுக் கட்டணச் சட்டம், ஸ்டாம்பிலுள்ள தலையுருவைத் துளைத்தெடுத்து, எடுத்த துண்டை எரித்தோ வேறுவிதமாகவோ அழித்துவிடவேண்டும் என்று கூறிற்று. ஒரு முறை செலவான ஸ்டாம்பு மறுமுறை உயிர்பெறும் என்பதை அதனை எழுதியோர் அறிந்திருந்தனர் போலும்.

ரிக்கார்டு அறையைக் கீழான இடமென்று நம் இளைஞர் எண்ணலாகாது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவர்கள் (1826–1889) திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் ரிக்கார்டு கீப்பராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகிப் பின்னரே முன்சீப் பதவி எய்தினார்கள். 1879-இல் வெளிவந்த “பிரதாப முதலியார் சரித்திர”த்தால் அவர்களை எல்லோரும் அறிவர். மேல் நியாயஸ்தலத்துத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-இல் வெளியிட்டார்கள் என்பதைச் சிலரே அறிவர். சட்டம் ஜனங்களுக்குப் புரியாத பாஷையில் இருக்குமளவும் இடையில் நிற்பவன் விலை பேசுவான் அல்லவா?

நிற்க. இனி யான் கூறுவது உங்களிற் சிலருக்குக் கசக்கலாம்.

நம்மவர் ஒருவர் கோர்ட்டு ஆபீசில் உயர்ந்த பதவி பெற்றால் நம் பத்திரிகையில் படம் போட்டு வாழ்த்துகிறோம், அது நியாயமே. ஆனால் அடுத்த வாரமே அவர் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடுகிறது. “மாமா, அந்தக் கட்டை மட்டும் கொஞ்சம் மேலே எடுத்து வையுங்கள்” என்கிறான் மருமகன். “தம்பி, அமீனாவை ஒரு மாதம் பொறுக்கச் சொல்” என்கிறார் பெரியப்பா. பணம் கைமாறவில்லை, ஆகையால் இது குற்றமன்று என்பது இவர்கள் எண்ணம். ஒரு கட்டு மேலேறினால் வேறொரு கட்டு கீழிறங்கித்தானே தீரவேண்டும்! கீழிறங்கிய கட்டுக்குரியவள் நம் குலத்திலோ பிற குலத்திலோ பிறந்த ஒரு விதவையாயிருக்கலாம்; அவளுக்கு மாமன் ஒருவரும் அவ்வாபீசில் இல்லை. மறுத்த உத்தியோகஸ்தரையோ, “பதவி வந்ததும் இனத்தை மறந்தான்” என்று கலியாணப் பந்தலில் தூற்றுகிறோம். அவர் மனைவியும் மக்களும் அதனைக் கேட்டுக்கொண்டு உண்ணவேண்டியிருக்கிறது. லஞ்சத்தை எதிர்க்கும் நெஞ்சுரம் பலருக்குண்டு. உறவினர் முகத்தை எதிர்ப்பதற்கோ அதைவிடப் பெரிய உரம் வேண்டும்.

பணம் கொடுப்போரும் ஒன்றறிக. லஞ்ச ஒழிப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பின்னர், கொடுப்பவனுக்கும் ஏழாண்டு வரை சிறையுண்டு. வற்புறுத்தலால் கொடுத்தவன் ஏழு நாளைக்குள் தெரிவித்தாலன்றித் தப்பமாட்டான்.

ஆதலால் இம்மகாசபையில் யான் கோருவது இது: கோர்ட்டில் உத்தியோகம் வகிக்கும் நம்மவரிடம் வழக்குச் சம்பந்தமாக எவரும் செல்வதில்லை என்று இன்றே தீர்மானம் நிறைவேற்றுவோம். வழக்கின் தேதியறிய இப்பொழுது ஆள் பிடிக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் வழங்கப்படும் பதினாறு இலக்கக் குறியைக் கைப்பேசியில் இட்டால் அடுத்த வாய்தா தெரியும். வக்கீலுக்குப் பணமில்லாதார்க்கு 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம் இருக்கின்றது. ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் வருமானக் கணக்குக் கேளாமலே அவ்வுதவி உண்டு. தாலுகா சட்டப் பணிக் குழுவில் விண்ணப்பம் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக்கொடுக்க நம் வாலிபர் இருவர் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் இருக்கும்படி காரியதரிசி அவர்கள் ஏற்பாடு செய்வாராக. அவர்களுக்கு முதல் இரண்டு வாரம் மனு எழுதும் முறையை யானே வந்து கற்பிக்கச் சித்தமாயிருக்கிறேன்.