கல்லூரிப் பிள்ளைகளின் உடல்நலம்

விடுதியிலிருந்து பிள்ளை விடுமுறைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது உடம்பைத்தான். மெலிந்திருந்தால் கவலைப்படுகிறோம். பெருத்திருந்தால் ஏச்சு, அதுவும் பெண்பிள்ளைக்கு மட்டும்!

எடையை மட்டும் பார்த்தால் போதாது. வயிற்றுச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால், கைகால் ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறையாவிட்டாலும் நடந்த பலன் வீண்போகாது: இரத்த அழுத்தம் சீராகும், தூக்கம் நன்றாக வரும், பரீட்சை நேரத்து மனப்பாரமும் குறையும்.

மகன் மாலையில் பந்து விளையாடப் போய்விடுகிறான். மகள் எங்கே நடப்பாள்? டிரஸ்ட் மண்டபத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் திடலை, அஸருக்குப் பின் மஃரிப் வரை பெண்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். உம்மாமார்களும் கூட வாருங்கள்.