ஃப்ளூ ஊசி: பயத்துக்குப் பின்னால் இருக்கிற கதை

(வென்ட்வேர்த்வில்லில் நடந்த எங்கள் மாதாந்தச் சந்திப்பில் பேசியது)



குளிர் தொடங்கினால் எங்கட வீடுகளில ஒரே வாக்குவாதம்: ஃப்ளூ ஊசி போடுறதா, விடுறதா? நான் வைத்தியர் இல்லை, முதியோர் இல்லத்தில வேலை செய்யிற ஆள். நான் வருஷா வருஷம் போடுறன். ஆனால் போட மாட்டன் எண்டு நிற்கிற எங்கட சனத்தை "விளக்கமில்லாதவை" எண்டு தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. இந்த நாட்டில் உண்மையாக ஒன்று நடந்தது.

மேற்கு அவுஸ்திரேலிய அரசு 2008 இலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஊசியை இலவசமாகக் கொடுத்து வந்தது. 2010 இல், ஊசி போட்டுச் சில மணித்தியாலங்களில் பிள்ளைகள் கடும் காய்ச்சலோடும் வலிப்போடும் பேர்த் ஆஸ்பத்திரிகளுக்கு வரத் தொடங்கினார்கள். வழக்கமாக ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கும் குறைவாக எதிர்பார்க்கிற வலிப்பு, நூற்றுக்கு ஒன்று என்ற அளவை எட்டியது. ஏப்ரல் 23 அன்று, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஃப்ளூ ஊசி போடுவதை நாடு முழுவதும் நிறுத்தினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகி வீடு போனார்கள். எல்லாரும் அல்ல.

பிரச்சினை ஒரேயொரு ஊசியில்: சி.எஸ்.எல் தயாரித்த ஃப்ளூவாக்ஸ். மற்றக் கம்பனிகளின் ஊசிகளில் இப்படி இல்லை. தயாரிப்பில் வைரஸைச் சரியாக உடைக்காததால் அதன் கொழுப்பும் ஆர்.என்.ஏ துண்டுகளும் மிஞ்சி, சின்னப் பிள்ளைகளின் உடம்பைக் கொதிக்க வைத்ததாகப் பிந்திய ஆய்வுகள் காட்டின. சி.எஸ்.எல் 1916 இல் அரசு தொடங்கிய நிறுவனம். 1994 இல் தனியாருக்கு விற்றார்கள். தனியார்மயம்தான் வலிப்பைக் கொண்டுவந்தது எண்டு நான் சொல்ல மாட்டன், அதுக்கு ஆதாரம் இல்லை. நாங்களும் வாட்ஸப் மாமாக்கள் மாதிரிக் கதைக்கக் கூடாது.

என்னைக் கோபப்படுத்துறது வேற. எத்தனை பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு உடனுக்குடன் எண்ணிப் பார்க்க ஒழுங்கான ஏற்பாடு இருக்கேல்லை. பெற்றோரும் ஆஸ்பத்திரித் தாதிமாரும் கண்டது மேலே போய்ச் சேரத் தாமதமானது. அதுக்குப் பிறகுதான் ஆஸ்வாக்சேஃப்டி வந்தது, 2014 இல். ஊசி போட்டுச் சில நாளில் "எப்படி இருக்கிறீர்கள்?" எண்டு கைபேசிக்கு வருமே, அதுதான். அதை நடத்துற நிலையம் அடுத்த ஸ்டேஷனில, வெஸ்ட்மீட் சிறுவர் ஆஸ்பத்திரியில இருக்கு. மோசடி எண்டு அழிக்காதேங்கோ, பதில் போடுங்கோ.

இப்போதைய ஊசியில் பொதுவாக வருவது கைநோ, உடம்பு அலுப்பு, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல். அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதால ஊசி ஃப்ளூவைக் கொண்டுவராது. கடும் ஒவ்வாமை மிக அரிது. அதுக்காகத்தான் பதினைந்து நிமிஷம் இருக்கச் சொல்லுறது. கியான்-பாரே என்ற நரம்பு நோய் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். ஃப்ளூ வந்தால் அதைவிட ஆபத்து, குறிப்பாக நான் குளிப்பாட்டி விடுற தொண்ணூறு வயது ஆக்களுக்கு.

ஆனால் அந்த "ஒன்றிரண்டு நாள் காய்ச்சல்" எல்லாருக்கும் ஒரே விலையில்லை. நிரந்தர வேலைக்காரருக்குச் சம்பளத்தோடு சுகயீன விடுமுறை இருக்கு. கசுவல் ஆளுக்கு இல்லை. என்னோட வேலை செய்யிற பிள்ளை ஒன்று ஊசியைத் தள்ளிப்போடுறது பில் கேட்ஸுக்குப் பயந்து இல்லை, வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் போயிடும் எண்டுதான்.

அடுத்தது நட்டஈடு. நியூசிலாந்தில் 1974 இலிருந்து, யார் பிழை எண்டு நிரூபிக்காமலே உதவி கிடைக்கும். இங்கே கோவிட் ஊசிக்கு மட்டும் 2021 இல் ஒரு திட்டம் போட்டு, 2024 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள். ஃப்ளூ ஊசியால் பாதிக்கப்பட்டால் வழக்குத்தான். எல்லாருடைய நன்மைக்காகப் போடச் சொல்லுற ஊசி. அரிதாக வருகிற பாதிப்பை மட்டும் ஒரு குடும்பம் தனியச் சுமக்க வேணுமா?

ஆகவே தொழிற்சங்கக் கிளைக்கு இரண்டு கோரிக்கை எழுதியிருக்கிறன்: ஊசிக்கு அடுத்த நாள் கசுவல் ஆக்களுக்கும் சம்பளம், எல்லாத் தடுப்பூசிக்கும் நிரந்தர நட்டஈட்டுத் திட்டம். தாள் தேத்தண்ணி மேசையில இருக்கு. வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வையுங்கோ.