புறம்போக்கு என்று எழுதப்பட்ட புல்வெளி

(தஞ்சாவூரில், சூழலியல் தன்னார்வலர்களாக இயங்கும் கல்லூரி மாணவர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடியக்கரைக்குப் போய்வந்த களைப்பு உங்கள் முகத்தில் இன்னும் தெரிகிறது. காலில் கருவை முள் ஏறி நொண்டிக்கொண்டே வந்த தம்பி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சீமைக் கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்கியிருக்கிறீர்கள். அமாவாசைக்குக் கடலாட வந்த கூட்டம் விட்டுப்போன குப்பையைச் சாக்குச் சாக்காக அள்ளியிருக்கிறீர்கள். பாராட்டிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் உள்ளே நுழையும்போது ஒரு தோழர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அதைப் படித்ததும் எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அது ஆட்சியருக்கு நீங்கள் கொடுக்கப்போகும் மனுவின் வரைவு. ஒரு கிராமத்தில் ஆறு ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது, அதைச் சுற்றி வேலி போட்டு, மரம் நட்டு, குறுங்காடாக மாற்றி நாங்களே பராமரிக்க அனுமதி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். இரண்டாவது பத்தியில் ஒரு வரி வருகிறது: "அருகிலுள்ள காலனி மக்களின் ஆடு மாடுகளால் சீரழிந்து வரும் இந்நிலத்தை." இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். இதை எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார் என்றும் தெரியும். யோசிக்காமலே இப்படி ஒரு வரி நம் கையில் வந்துவிடுகிறதே, கவலை அதில்தான்.

முதலில் கோடியக்கரையில் நீங்கள் பார்த்ததற்கே வருவோம். 1967-இல் ஏறத்தாழ 17 சதுர கிலோமீட்டர் பரப்பை அரசு சரணாலயமாக அறிவித்தது. அப்போது அது ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-இல். நெல்லைத் தவிர வேறெதையும் வளரவிடாத இந்தக் கழிமுகத்தின் கடைசி முனையில் பாலை மரமும் நாவல் மரமும் நிற்கிற உலர் பசுமைக் காடு ஒன்று மிச்சமிருக்கிறது. அதன் பக்கத்திலேயே பரந்த புல்வெளி. வெளிமான் வாழ்வது காட்டில் அல்ல, அந்தப் புல்வெளியில். தூரத்திலிருந்தே ஆபத்தைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் ஓட வேண்டும், அதற்கு வெட்டவெளி வேண்டும். பெயரிலேயே வெளி இருக்கிறது. புதர் மண்டினால் அதற்குப் புல்லும் போச்சு, ஓட்டமும் போச்சு.

அதனால்தான் சீமைக் கருவேலம் அங்கே பெரிய தொல்லை. அதன் நெற்றை மானும் தின்கிறது, குதிரையும் தின்கிறது, பன்றியும் தின்கிறது. விதை சாணத்தோடு விழுந்து போகிற இடமெல்லாம் முளைக்கிறது. நீங்கள் கன்றைப் பிடுங்கியது மரத்தை எதிர்த்து இல்லை, புல்லுக்காக. மரம் என்றாலே நல்லது என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பு என்பதை மூன்று நாள் முதுகு வலிக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வந்த கையோடு இங்கே ஒரு புல்வெளியில் மரம் நட மனு எழுதுகிறீர்கள்!

(சிரிப்பு)

சிரிக்கலாம். நானும் இதே தப்பைச் செய்தவன்தான்.

இன்னொன்று. சீமைக் கருவேலம் ஊருக்குக் கேடு, சரி. வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கென்று கொண்டுவந்த மரம் அது. அந்த விறகில் அடுப்பெரித்தது யார் வீடு? டெல்டாவில் தென்னையும் மாவும் உள்ளவனுக்கு மட்டையும் சுள்ளியும் கொல்லையிலேயே விழும். கொல்லையே இல்லாதவளுக்குக் கருவைதான். என் அம்மா தலைச்சுமையாகக் கொண்டுவந்த கருவை விறகில்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்லது, அகற்றட்டும். வெட்டிய விறகு யாருக்கு, வெட்டும் கூலி யாருக்கு, நாளைக்கு அந்த அம்மாவுக்கு அடுப்பு எதில் எரியும் என்று கேட்பதும் சூழலியல்தான்.

மேய்ச்சலுக்கு வருகிறேன். கோடியக்கரையில் மாடுகள் மானின் புல்லில் பங்கு கேட்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சரணாலயத்துக்குள் கட்டுப்பாடு தேவைப்படலாம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் 'மாடு வந்தால் நிலம் கெடும்' என்பதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1982-இல் அதைத் தேசியப் பூங்காவாக்கி மேய்ச்சலைத் தடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக எருமை ஓட்டிவந்த சுற்றுக் கிராமத்து மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? எருமை தின்றுகொண்டிருந்த புல்வகை கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது, பறவைக்கு இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் அங்கே ஆய்வு செய்து, எருமை இருந்ததுதான் அந்த நீர்நிலைக்கு நல்லது என்ற முடிவுக்கு வந்தது. எருமை மேய்த்தவனுக்கு இது முன்பே தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை.

இப்போது 'புறம்போக்கு'. இந்தச் சொல்லை நீங்கள் இரண்டு இடத்தில் கேட்டிருப்பீர்கள். ஒன்று, 'அ' பதிவேட்டில். இன்னொன்று, தெருச் சண்டையில். வரி விதிப்புக்குப் புறத்தே போன நிலம் புறம்போக்கு. சர்க்காருக்குக் காசு தராததால் அதற்கு மதிப்பில்லை. அதே சொல் எப்படி மனிதர்களைத் திட்டும் வசையானது என்று யோசித்துப் பாருங்கள். டெல்டாவில் ஒரு செண்டு நிலம் இல்லாத பண்ணையாள் குடும்பம் வேறெங்கே நின்றது? வாய்க்கால் கரை, ஆற்றுப் படுகை, மேய்க்கால், களம். குடியிருந்த மனைகூட மிராசுதாருடையது. அந்த மனைக்கு உரிமை தரும் குடியிருப்புச் சட்டம் 1971-இல்தான் வந்தது. கோடியக்கரையில் மானுக்குப் பாதுகாப்பு அறிவித்த மறு ஆண்டு, 1968 டிசம்பர் 25 இரவு, அதே தஞ்சை மாவட்டத்தில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். மானைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மான் என்ன செய்யும்? இந்த மண்ணில் எதைப் பாதுகாக்க அரசுக்கு ஞாபகம் வந்தது, யாரைப் பாதுகாக்க வரவில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என் ஊர்க் கதையைச் சொல்கிறேன். மன்னார்குடிக்குத் தெற்கே. பெயர் வேண்டாம். ஏரிக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு திடல் இருந்தது. மழை பெய்து பத்து நாளில் அறுகும் கோரையும் முழங்கால் உயரம் நிற்கும். வரப்புப் புல்லை அறுக்கப் போனால் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புவார்கள். எங்கள் தெரு ஆடுகளுக்கு இருந்த ஒரே புல் அந்தத் திடல்தான். அறுப்பு முடிந்த காலத்தில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கிடை போட வரும் கீதாரிகளும் நடுவில் ஒரு இரவு அங்கே தங்குவார்கள். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டை இடும். நாங்கள் பக்கத்தில் போனால் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும்.

நான் கல்லூரியில் படித்தபோது, பக்கத்து நகரத்திலிருந்து ஒரு பசுமைக் குழு வந்தது. நல்லவர்கள், உங்களைப் போன்றவர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார்கள். அந்த ஊர்ப் பெரியவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவர்கூட இல்லை. ஒரே நாளில் முந்நூறு கன்று, நான்கு பக்கமும் முள்கம்பி, 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று ஒரு பலகை. குழி தோண்டியவர்களில் நானும் ஒருவன். மதியம் எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், பெருமையாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பாதையையும் சேர்த்து அடைச்சிட்டீங்களாப்பா?"

எங்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழி அந்தத் திடலுக்குள்தான் இருந்தது. எனக்கு அது ஞாபகமே வரவில்லை. ஊர்ப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அடுத்த சாவுக்கு வயல் வழியே, சேற்றில் இறங்கி, பாடையைத் தூக்கிக்கொண்டு போனோம். பேசிப் பேசி வேலியில் ஒரு திறப்பு விட இரண்டு வருடம் ஆனது. அதற்குள் தெருவில் பாதி ஆடு விற்றுப் போச்சு. முந்நூறு கன்றில் தூங்குமூஞ்சி நாலைந்து பிழைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற ஆள் வராததால் மற்றது கருகி, அந்த இடத்தில் என்ன முளைத்தது தெரியுமா? சீமைக் கருவேலம். ஆள்காட்டி இப்போது அங்கே வருவதில்லை.

அதனால்தான் அந்த 'சீரழிந்து' என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

குப்பை பற்றியும் ஒரு வார்த்தை. கையுறை போட்டுக்கொண்டு கடற்கரையில் நெகிழிப் பையைப் பொறுக்கினால் அது தொண்டு, சான்றிதழ் உண்டு. அதே குப்பையை மறுநாள் கையுறை இல்லாமல் அள்ளுகிற ஊராட்சித் தூய்மைப் பணியாளருக்கு அது பிறப்போடு ஒட்டிய வேலை. வேலை ஒன்றுதான், செய்பவர் யார் என்பதை வைத்து அதற்குப் பெயர் மாறுகிறது. 1936-இல் அம்பேத்கர் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலை உங்கள் வாசிப்பு வட்டத்தில் முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள், எனவே நான் நீட்டவில்லை. அடுத்த முறை போகும்போது அந்தப் பணியாளர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்களுக்குக் கையுறை ஏன் இல்லை என்று ஒரு மனு எழுதுங்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

"சட்டப்படி அந்த மக்களுக்கு உரிமை இருந்தால் அவர்களே கேட்கட்டுமே" என்று ஒரு தோழர் என்னிடம் முன்பு ஒருமுறை சொன்னார். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமை இருக்கிறது. பழங்குடி அல்லாத, காட்டை நம்பி வாழும் மக்களும் கேட்கலாம். ஆனால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பட்டா யாருக்கு இருந்தது? பள்ளிச் சான்றிதழ் யாருக்கு இருந்தது? 75 வருடத்துக்கு முன் தன் பெயரை எந்தப் பதிவேட்டிலும் எழுதவிடாத ஒரு சமூகத்திடம் பதிவேட்டைக் கொண்டுவா என்கிறோம். காட்டு நிலத்திலேயே இந்த நிலைமை. மேய்க்கால் புறம்போக்குக்கு அந்தச் சட்டமும் கிடையாது. அங்கே ஆட்சியருக்குப் போகிற ஒரு மனுவே விதியைத் தீர்மானித்துவிடும். உங்கள் மனு போல.

1927-இல் மகாடில் பாபாசாகேப் பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்ததை நாம் சமூக நீதிப் போராட்டமாக மட்டுமே படிக்கிறோம். நீர்நிலை யாருடையது என்ற கேள்வியும் அதுதானே.

அப்படியென்றால் அந்த ஆறு ஏக்கரைக் கைவிடுவதா என்று கேட்பீர்கள். வேண்டாம். காற்றாலைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ அது போகாமல் இருக்க யாராவது காவல் நிற்கத்தான் வேண்டும். ஆக்கிரமிப்பு எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்று 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆட்டுக்காரி பக்கத்திலிருந்து இருக்காது, பெரிய வயல்காரர் வரப்பு நகர்ந்து நகர்ந்து வந்திருக்கும். கருவையை அகற்றுங்கள். வேலி வேண்டாம். எந்த மாதத்தில் எந்த மூலையை மேய விடாமல் வைத்தால் புல் விதை உதிரும் என்பது அங்கே ஆடு ஓட்டுகிற பெண்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கிராம சபையில் அவர்கள் வாயால் தீர்மானம் வரட்டும், நீங்கள் பின்வரிசையில் நில்லுங்கள். மரம் நட்டே ஆக வேண்டுமென்றால் அவர்கள் தெருவில், நிழல் கேட்கிற இடத்தில், அவர்கள் கேட்கிற மரமாக நடுங்கள்.

ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இந்த மனுவை எழுதும் முன் அந்தக் காலனிக்குள் போனவர்கள் கை தூக்குங்கள்.

(இருவர் கை தூக்கினர்)

அந்த இருவரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள் இல்லையா? சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் வருகிறேன். வெயில் ஏறுவதற்கு முன் ஆடு வெளியே போய்விடும், அதனால் ஆறரைக்கே போய்விட வேண்டும். படக்கருவி வேண்டாம், பதாகை வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள் தம்பி, யாரிடமாவது பேனா இருக்கிறதா? இரண்டாவது பத்தியை இப்போதே அடித்துவிடலாம். மீதியை ஞாயிறு மதியம், அவர்கள் தெருவிலேயே உட்கார்ந்து எழுதுவோம்.