பத்து நிமிஷம் பிள்ளையை எழுத விடுங்கள்

(தோட்டப் பாடசாலைப் பெற்றோர் கூட்டமொன்றில் ஓர் ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போய் சாமான் வாங்க என்று உங்களுக்கு ஆயிரம் வேலை. அதையெல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத வரவில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். "கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது" என்று தலைப்புக் கொடுத்தால், கடலையே காணாத பிள்ளை, கட்டுரைப் புத்தகத்தில் பாடமாக்கியதை அப்படியே எழுதி வைக்கிறது. அதே பிள்ளை லயத்து வாசலில் கூட்டாளிகளோடு உட்காரட்டும். அட்டை கடித்த கதை, காமன் கூத்தில் ரதி அழுத கதை, மழையில் கூரை ஒழுகின கதை என்று வாய் ஓயாது. வாய்க்கு வருவது கைக்கு ஏன் வரவில்லை? பயந்தான். பிழை விட்டால் ஏச்சு விழும், லயத்துப் பேச்சு என்று சிரிப்பார்கள் என்ற பயம்.

இந்தப் பயத்தைப் போக்க ஒரு சின்ன வழி உண்டு. தடையில்லாமல் எழுதுவது என்று சொல்லலாம். அமெரிக்காவில் பீட்டர் எல்போ என்ற ஆசிரியர் 1973-ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவரே எழுத வராமல் திணறி, மேற்படிப்பை இடையில் விட்டுவிட்டுப் போனவர். பிறகு திரும்பிப் படித்துப் பேராசிரியர் ஆனார். அவர் சொன்ன முறை லேசானது. மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிஷம் எழுத வேண்டும். பேனா நிற்கக் கூடாது. அழிக்கக் கூடாது. எழுத்துப் பிழை, இலக்கணம் எதையும் அப்போது பார்க்கக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் "ஒண்ணும் வரல, ஒண்ணும் வரல" என்றே எழுதலாம். கொஞ்ச நேரத்தில் ஏதாவது வந்தே தீரும். அதற்கு மார்க் போடுவது கிடையாது.

அப்படி விட்டால் நம் பிள்ளை என்ன எழுதும்? இப்படி எழுதலாம்: "எங்கம்மா விடிய நாலு மணிக்கு எழும்பும். ரொட்டி சுட்டு வச்சிட்டு, தம்பிய பிள்ளைக் காம்பிராவுல விட்டுட்டு மலைக்குப் போகும். மழைன்னா படங்கெல்லாம் நனைஞ்சு போகும். கிலோ கொறைஞ்சா அரைப்பேர்தான். அன்னைக்கு அம்மா பேசாது." கடைசி வரியைப் பாருங்கள். எந்தக் கட்டுரைப் புத்தகத்திலாவது அது இருக்கிறதா? அது அந்தப் பிள்ளையின் சொந்தக் குரல்.

இது வெளிநாட்டுப் பாடம், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். நம் மலையகத்தில் எழுத்து வளர்ந்ததே லயத்துப் பேச்சிலிருந்தும் பாட்டிலிருந்தும்தான். 1930களில் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், தொழிலாளியின் கஷ்டத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். மடக்கும்புர தோட்டத்தில் 1914-ல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947-ல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். நம் பாட்டன் பாட்டிமார் பாடியவற்றைத் தேடிச் சேர்த்து, 1983-ல் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று புத்தகமாக்கினார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பாடியதை இன்று படித்தவர்கள் தேடி வாசிக்கிறார்கள்.

1960களில் வீரகேசரி மலையகச் சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. தோட்டத்துப் பையன்கள் கதை எழுதி அனுப்பினார்கள். பரிசு பெற்றவை 1971-ல் "கதைக்கனிகள்" என்று வெளிவந்தன. பதுளைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த ஜோசப் என்ற ஆசிரியர், தான் வேலை செய்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். அவர்தான் தெளிவத்தை ஜோசப். 2022-ல் காலமாகும் வரை அந்தப் பெயரோடுதான் தமிழ் படிக்கிறவர்கள் அவரை அறிந்தார்கள். தோட்டத்துப் பெயர் வெட்கப்படுகிற பெயர் இல்லை என்று பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, ஓ.எல். பரீட்சையில் லயத்துப் பேச்சை எழுதினால் மார்க் கிடைக்குமா சேர் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிடைக்காது. ஆனால் மலையில் பறித்த கொழுந்தை யாராவது உடனே கொதிக்க வைத்துக் குடிக்கிறோமா? ஸ்டோருக்குக் கொண்டு போய் வாட்டி, அரைத்து, காய வைத்து, சலித்துத்தான் தூளாகிறது. கொழுந்தே இல்லாவிட்டால் ஸ்டோரில் எதை அரைப்பது? அது மாதிரி, வாரம் ஐந்து நாள் பிள்ளை மனம் போல எழுதட்டும். ஆறாவது நாள் அதில் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து, ஆசிரியர் உதவியோடு நல்ல தமிழில் திருத்தி எழுதட்டும். "அம்மா பேசாது" என்பது "அன்று அம்மா யாரோடும் பேசமாட்டார்" என்று ஆகும். சொல் மாறும், விஷயம் பிள்ளையுடையதாகவே இருக்கும். பாடமாக்கிய பிள்ளை, தலைப்பு மாறினால் தடுமாறும். இப்படிப் பழகிய பிள்ளைக்கு எந்தத் தலைப்புக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கொப்பியை அதன் அனுமதி இல்லாமல் வாசிக்காதீர்கள். பக்கத்துக் காம்பிராவுக்குக் கேட்கிற மாதிரி வாசித்துச் சிரிக்காதீர்கள். அப்பா குடித்துவிட்டு வந்ததைப் பிள்ளை எழுதியிருந்தால், "வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்றியா" என்று கை ஓங்காதீர்கள். ஒரு தரம் அடி விழுந்தால் அந்தப் பேனா பிறகு உண்மையை எழுதாது. பிழை பேனாவில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. பிள்ளை விரும்பாததை வகுப்பில் வாசித்துக் காட்டாதீர்கள். ஆனால் யாரோ துன்புறுத்துவதாக எழுதியிருந்தால் அதை மூடி வைக்கவும் கூடாது. பிள்ளையோடு தனியாகப் பேசி, தேவைப்பட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள். எழுதச் சொல்லிவிட்டு, எழுதியதைக் கவனிக்காமல் இருப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. போன வருஷத்துக் கொப்பியில் மிஞ்சிய தாள் போதும். இராத்திரி பத்து நிமிஷம் டீ.வி.யை நிறுத்தி வையுங்கள். எழுதத் தெரிந்த தாய் தகப்பன் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். தெரியாதவர்கள் உங்கள் சின்ன வயசுக் கதையைச் சொல்லுங்கள், பிள்ளை எழுதும். இருநூறு வருஷத்துக்குக் கிட்டவாக நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கணக்குப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. நாமே எழுதியது கொஞ்சந்தான். அதைக் கூட்டுவது இந்தப் பிள்ளைகள் கையில் இருக்கிறது.