எடுக்கும் தராசும் கொடுக்கும் தராசும்

(பரமத்தி வேலூரில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

வெல்லமும் கொப்பரையும் நிறுத்து விற்கும் ஊர் இது. தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை எச்சரித்தே அல்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. இந்த எச்சரிக்கை கடைத் தராசுக்கு மட்டும்தானா? நாம் செய்யும் வாதத்துக்கு இல்லையா?

"ஈஸா (அலை) கடவுள் என்று உங்கள் வேதத்தில் எங்கே உள்ளது?" என்று கிறிஸ்தவ நண்பரிடம் கேட்கிறீர்கள். அவர் 1 யோவான் 5:7ஐக் காட்டுகிறார். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்ற வாசகம் பழைய தமிழ் பைபிளில் உள்ளது. 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பின் அந்த வசனத்தில் அது இல்லை! ஏன்? பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது கிடையாது. இராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இல் அச்சிட்ட பதிப்பிலும் அது இல்லை. 1522ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார்.

உடனே கை தட்டிவிடாதீர்கள். இதை ஆராய்ந்து வெளியே சொன்னவர்கள் கிறிஸ்தவ அறிஞர்களே. அவர்களுடைய வாதமும் இந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடாது.

யோவான் 10:30ஐக் காட்டுவார்கள்; நானும் பிதாவும் ஒன்று என்பது அதன் கருத்து. அதே நூல் 17:22ஐ எடுத்துக் காட்டுங்கள். சீடர்களும் அவ்வாறே ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஈஸா (அலை) வேண்டுகிறார். சீடர்கள் கடவுளாகிவிட்டார்களா?

அடுத்து யோவான் 20:28. இயேசுவைத் தோமா தம் ஆண்டவர், தம் கடவுள் என்கிறார். இளம் வயதில் நான், "அது வியப்பில் வந்த சொல்" என்று ஒரு கிறிஸ்தவப் பெரியவரிடம் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "தம்பி, இயேசுவை நோக்கிச் சொன்னதாக அல்லவா எழுதியிருக்கிறது! முழுசாகப் படியுங்கள்" என்றார். வெட்கப்பட்டேன். வீட்டுக்கு வந்து முழு அத்தியாயத்தையும் படித்தேன். 17ஆம் வசனத்தில் அதே இயேசு, தமக்கும் ஒரு தேவன் உண்டு என்று மரியாளிடம் சொல்கிறார்!

அதை அவர் மனிதராக நின்று சொன்னார் என்பது அவர்கள் தரும் பதில். ஒரே இயேசுவில் இறைத்தன்மை, மனிதத்தன்மை இரண்டும் உண்டு என்று 451இல் கல்செதோன் சபை வகுத்த கொள்கை அது. அதையும் குறைக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அமைதியாகக் கேளுங்கள்: முதல் கட்டளை எது என்ற கேள்விக்கு, இறைவன் ஒருவனே என்றுதானே ஈஸா (அலை) தொடங்கினார் (மாற்கு 12:29)? தம்மை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும்படி அவர் எங்கே சொன்னார்?

சகோதரர்களே! வேதத்தையுடையோரிடம் அழகிய முறையிலன்றி வாதிடக் கூடாது என்பது இறைக்கட்டளை (அல்குர்ஆன் 29:46). அவர்களுடைய வலுவான வாதத்தை மறைத்துவிட்டு வெல்வது எடைக்கல்லைக் குறைத்து வியாபாரம் செய்வது போன்றதே. நம்மிடம் இருப்பது சத்தியம். அதற்குக் கள்ளத் தராசு எதற்கு?

நாவிலும் தராசிலும் நேர்மையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.