அடைத்த அறையில் கரிச்சட்டி வேண்டாம்

(ஊட்டியில் கம்பளி வழங்கும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



நீர்ப்பனி போய் உறைபனி வந்துவிட்டது. காந்தலிலும் தலைக்குந்தாவிலும் விடிந்ததும் புல்தரை வெள்ளையாகக் கிடக்கிறது. கம்பளியை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்று எல்லோருக்கும் இருக்கும். ஆனாலும் கொடுப்பதற்கு முன் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். அது எங்களுடைய தவறு.

போன வருடமும் கம்பளி கொடுத்தோம். "கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றையும் துணி வைத்து அடையுங்கள்" என்று சொல்லியும் அனுப்பினோம். சில நாள் கழித்து ஒரு வீட்டுக்குப் போனோம். தகரக் கூரை, ஒரே அறை, ஐந்து பேர். முந்தின இரவு இரும்புச் சட்டியில் கரியை மூட்டி, புகை அடங்கியதும் உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் சொன்னபடியே எல்லா இடுக்கையும் அடைத்துப் படுத்திருக்கிறார்கள். கதவுக்கடியில் செருகியிருந்தது நாங்கள் கொடுத்த கம்பளி. நடு இரவில் சின்னப் பிள்ளை வாந்தி எடுத்திருக்கிறது. குளிர்தான் காரணம் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் போர்த்திவிட்டிருக்கிறார்கள். தஹஜ்ஜத்துக்கு எழுந்த பாட்டியம்மாவால் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்திருக்கிறார். வெளிக்காற்று வந்த பிறகுதான் மற்றவர்களை எழுப்ப முடிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். அந்த வீட்டில் இரவில் என்ன எரிகிறது என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"புகையே இல்லையே, பிறகென்ன ஆபத்து?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். இங்கே பலருக்கும் அந்த எண்ணம் இருக்கிறது. புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், நாமே எழுந்து வெளியே போவோம். சிவப்பாகக் கனியும் கரியிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றில் இருக்கும் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுகூடத் தெரியாமல் போகலாம். சட்டியில் சாம்பலைப் போட்டு மூடினாலும் உள்ளே கனன்றுகொண்டேதான் இருக்கும். ஜன்னலை விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்பதும் சரியல்ல. யாருக்காவது அப்படி ஆகிவிட்டால் உடனே கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே கொண்டுவந்து, 108க்கு அழையுங்கள். தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

தூங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரியில் இருக்கிறது. மதீனாவில் ஓர் இரவில் ஒரு வீடு எரிந்துபோன செய்தி வந்தபோதும் இதையே சொன்னார்கள். நாமெல்லாம் கேட்டு வளர்ந்த ஹதீஸ்தான். விளக்குக்கும் அடுப்புக்கும் பொருத்திப் பார்த்தோம், கரிச்சட்டியை மறந்துவிட்டோம்.

சரி, நெருப்பு இல்லாமல் இந்தக் குளிரை எப்படித் தாங்குவது? பகலில் கிடைக்கும் சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொள்வதுதான் வழி. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னலில்தான் வெயில் அதிகம் விழும். அந்தத் திரையைக் காலையிலேயே விலக்கிவிடுங்கள். மூன்று, மூன்றரை மணிக்குள் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் ஜன்னல் ஞாபகம் வருகிறது. அதற்குள் சூடெல்லாம் போய்விடும்.

தகரக் கூரை வீடுகள்தான் பெரிய பாடு. மேகமில்லாத இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். உள்ளே நாம் விடும் மூச்சு அதில் நீராகக் கோத்து, விடிகாலையில் முகத்தில் சொட்டும். தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு அட்டையோ கெட்டித் துணியோ கட்டினால் அந்த இடைவெளிக் காற்றே தடுப்பாக நிற்கும். மின் வயருக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் மட்டும் கட்டக் கூடாது. ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். ஈரம் ஏறினால் குளிர் கூடும், இழுப்பு இருக்கிற பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும்.

அடுத்தது தரை. மேலே இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு கீழே ஒரு பாயோடு படுத்தால் உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். முதலில் அட்டை, அதன் மேல் செய்தித்தாள் நாலைந்து மடிப்பு, பிறகு ஜமக்காளம், மெத்தை என்று போடுங்கள். இரண்டாவது கம்பளியை மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது பல நேரம் நல்லது. படுக்கை வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். இரண்டு அறை இருந்தாலும் இந்த இரண்டு மாதம் சின்ன அறையில் எல்லோரும் ஒன்றாகப் படுக்கலாம். தூங்குகிற ஒரு பெரியவர் உடம்பிலிருந்து பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்காவது சூடு வரும். கதவுக்கடியில் பழந்துணியை உருட்டி வையுங்கள். ஆனால் மேலே ஒரு சின்னக் காற்றுவழி இருக்கட்டும்.

வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கைக்குள் வைக்கலாம். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது வேண்டாம், சூடு பட்டால் அவர்களால் சொல்ல முடியாது. குழந்தை முகத்தைக் கம்பளி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர் நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூங்கி வழிந்தால் குளிர் விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

இந்த வருடம் கம்பளியோடு ஒரு தேங்காய்நார்ப் பாயும் வைத்திருக்கிறோம். தகரக் கூரை வீட்டுக்காரர்கள் வாசலில் பெயர் எழுதிக்கொடுங்கள். நம் பிள்ளைகள் வந்து கூரைக்கடியில் அட்டை கட்டித் தருவார்கள். வரும்போது கரிச்சட்டியை இரவில் எங்கே வைக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.